நூல் கட்டுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

கண்டி மாவட்டத் தோட்டங்களிலும் நகரத்திலும் இருக்கும் கோயில் பூசாரிமாருக்கும், கோடாங்கி ஐயாமாருக்கும், விபூதி போட்டு நூல் கட்டும் பெரியவர்களுக்கும், ஓதிப் பார்க்கும் லெப்பைமாருக்கும், ஜெப வீட்டுப் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மனம் குழம்பினால் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவை, நாவலப்பிட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் வழமை. பிள்ளை இரவில் தூங்குவதில்லை, தனியாகச் சிரிக்கிறது, யாரோ திட்டுவதாகச் சொல்லி வெறும் வெளியைப் பார்த்துப் பதில் பேசுகிறது என்றால், தாய் டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன் உங்களிடம் வருகிறாள். விபூதி கேட்கிறாள். நூல் கேட்கிறாள். என்ன பிடித்திருக்கிறது, யார் செய்தது என்று கேட்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் இதை அமைச்சுக்கும் எழுதாமல், வைத்தியர்களுக்கும் எழுதாமல், உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது கண்டியில் ஆசிரியையாக இருப்பவள். என் தம்பிக்கு ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவனோடு வாங்கில் காத்திருந்த காலத்தில், பக்கத்தில் இருந்த எத்தனையோ குடும்பங்களின் கதையைக் கேட்டிருக்கிறேன். ஏறத்தாழ எல்லாக் கதையிலும் நீங்கள் வருவீர்கள். சில கதைகளில் பிள்ளையைக் காப்பாற்றியவராக வருவீர்கள். சிலவற்றில், மன்னிக்க வேண்டும், பிள்ளையின் நல்ல வருடங்களை வீணாக்கியவராக வருவீர்கள். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது பெரிய மலை எதுவும் இல்லை. சில செய்திகள்தான். அவற்றை உங்களிடம் சேர்ப்பதற்கே இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அருள் வந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று சொல்ல நான் வரவில்லை. மருத்துவ உலகமும் அப்படிச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சமூகம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்ட அருள் வருதலை நோயாகக் கொள்ளக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் ஆடி, பூசை முடிந்ததும் தண்ணீர் குடித்து, மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்கிற அக்காவுக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. பூசை முடிந்தும் அடங்காமல், தன் விருப்பத்தை மீறி, நாள் கணக்கில் உண்ணாமல் உறங்காமல் கொழுந்துக்கும் போகாமல் கிடக்கிறவள் நிலை வேறு. அந்த வேற்றுமையைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய உங்களுக்கு முடியும். எத்தனை வருடமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2025 மார்ச்சில் மறைந்தார். கதிர்காமத்தில் சடைமுடியோடு ஆடிய பெண்களிடம் உட்கார்ந்து பேசி, 1981இல் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தாங்க முடியாத சொந்தத் துயரத்தை அந்தப் பெண்கள் தெய்வத்தோடு சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டதை அவர் மரியாதையோடு பதிவு செய்தார். படித்தவர்கள் எல்லோரும் உங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோயிலில் தங்கினால் நோய் தணியுமா என்றுகூட ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநோய் உள்ளவர்களை உறவினர் அங்கே கூட்டிவந்து தங்கவைப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக வைத்தியர்களும் அங்கே வந்த 31 பேரை வரும்போதும் போகும்போதும் பரிசோதித்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கொடுக்கப்படவில்லை. நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகளால் கிடைக்கும் அளவுக்குக் கிட்ட வரும் முன்னேற்றம் அது.

இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தக் கோயிலில் அப்படி என்னதான் செய்தார்கள் என்று தேடினேன். விசேஷமான பரிகாரம் எதுவும் இல்லை. காலையில் பூசை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்னச் சின்ன வேலை. கூடவே ஒரு உறவினர். காசு வாங்குவதில்லை. சாட்டை இல்லை, மிளகாய்ப் புகை இல்லை. பத்தடிக்குப் பத்தடி லயத்துக் காம்பராவில் ஏழு பேரோடு நெருக்கியடித்து வாழும் நோயாளிக்கு எது கிடைப்பதில்லையோ, அது அங்கே கிடைத்தது: அமைதி, மரியாதை, செய்வதற்கு ஒரு வேலை. இந்த ஆய்வு சிறியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதை அது சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் இடத்துக்கு ஒரு பலம் உண்டு என்பதை நான் நம்புகிறேன். அந்தப் பலத்தை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

என் தம்பிக்கு உயர்தரப் பரீட்சை வருடத்தில் தொடங்கியது. காம்பராவின் பலகைத் தடுப்பில் இருந்த இடுக்குகளில் எல்லாம் பழைய பத்திரிகையைச் சுருட்டி அடைத்தான். பக்கத்து வீட்டார் தன் நினைப்பைக் கேட்கிறார்களாம். அம்மா ஊற்றிய தேத்தண்ணியை அம்மா ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் குடிப்பான். எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி மாமா அவனைப் பார்த்தார். அதட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நெடுநேரம் அவன் சொன்னதைக் கேட்டார். நூல் கட்டினார். பிறகு எங்கள் அப்பாவிடம், "நூல் நான் கட்டிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம், நானும் வர்றேன்" என்றார். சொன்னபடியே முதல் பஸ்ஸில் வந்தார். அவர் வந்ததால்தான் தம்பியும் வந்தான்.

மருந்து தொடங்கிய புதிதில் ஒரு இரவு அவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. லயமே கூடிவிட்டது. உள்ளே இருப்பதற்கு ஆஸ்பத்திரி மருந்து பிடிக்கவில்லை, அதுதான் கழுத்தைத் திருகுகிறது என்றார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஐயா. இப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் கட்டாயம் வந்திருப்பார்கள். ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் சிலருக்கு, முக்கியமாக இளம் ஆண்களுக்கு, முதல் சில நாட்களில் தசைப்பிடிப்பை உண்டாக்கும். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை அந்த மருந்து தடுப்பதால் வருவது இது. இதற்கு மாற்று ஊசி இருக்கிறது. போட்டால் சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். பிறகு பென்ஸ்ஹெக்சோல் என்ற சிறு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள். அன்று இரவு பூசாரி மாமா கற்பூரம் கொளுத்தவில்லை. ஆட்டோக்காரரை எழுப்பினார்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி நன்றாக இருந்தான். நகரத்தில் ஒரு கடையில் வேலைக்கும் போனான். அப்போது உறவினர் ஒருவர் அழைத்தார் என்று தூரத்தில் வேறொரு குறி சொல்பவரிடம் அப்பா போனார். "இனி ஒன்றும் இல்லை, அந்த மாத்திரை விஷம், ஓடுகிற தண்ணீரில் விடு" என்று அவர் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து மாத்திரை எல்லாவற்றையும் ஓடையில் கொட்டினார். ஒரு மாதம் எதுவும் ஆகவில்லை. தம்பி முன்பைவிட உற்சாகமாகக்கூட இருந்தான், மருந்தின் தூக்கக் கலக்கம் போய்விட்டதல்லவா. குறி பலித்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு பலகை இடுக்குகளில் மறுபடியும் பத்திரிகை. இந்த முறை நோய் தணிய எடுத்த காலம் அதிகம். கடை வேலையும் போய்விட்டது.

மருந்தை நிறுத்தியதும் நோய் உடனே வராது; கொஞ்ச காலம் தள்ளித்தான் வரும். இந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 2012இல் லான்செட் சஞ்சிகையில் ஜெர்மனியின் ஸ்டெஃபான் லாய்ஹ்ட்டும் குழுவினரும் 65 ஆய்வுகளை, ஏறத்தாழ 6,500 நோயாளிகளின் விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தோரில் 100க்கு 27 பேர். வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டோரில் 100க்கு 64 பேர். மருந்தை மெல்ல மெல்லக் குறைத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. அதையும் இங்கிலாந்தில் 253 பேரிடம் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். குறைப்பதால் நன்மை இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களே நடத்திய ஆய்வு அது. இரண்டு வருட முடிவில், மருந்தைக் குறைத்தவர்களின் அன்றாட வாழ்வு மற்றவர்களைவிட மேம்படவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்தோரில் 25 வீதம், தொடர்ந்தோரில் 13 வீதம்.

மருந்தில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு போடுகிறது, சீனி வருத்தம் வருகிறது, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம். மருந்தை வெறுப்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறையை வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மாதம் ஒரு ஊசியாக்கலாம். உங்களிடம் வந்து, "சாமி, இந்த மாத்திரை ஒத்துவரவில்லை" என்று ஒருவர் சொன்னால், "அதை டொக்டரிடம் போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரே வார்த்தையால் எத்தனை பேர் காப்பாற்றப்படுவார்கள்.

புதிய மருந்துகளும் வருகின்றன. 1952இல் குளோர்ப்ரோமசின் வந்ததிலிருந்து எழுபது வருடமாக எல்லா மருந்தும் டோபமினையே பிடித்து வேலை செய்தன. 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோபென்ஃபி என்ற மருந்து வேறு வழியில் செயற்படுகிறது. அது இந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நமது கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் பழைய மருந்துகளே பெரும்பாலோரை எழுந்து நடமாட வைக்கும், ஒழுங்காக எடுத்தால்.

இனி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்களை ஒரு இரவுகூடக் கோயிலில் வைத்திருக்கக் கூடாது.

பேசாமல், உண்ணாமல், வைத்த கை வைத்தபடி சிலைபோல இருப்பவர்கள் உண்டு. கையைத் தூக்கி விட்டால் அந்தரத்திலேயே நிற்கும். பார்த்தால் ஏதோ இறங்கியிருப்பதாகத்தான் தோன்றும். கட்டடோனியா என்பது இதன் பெயர். லோராசெபாம் என்ற சாதாரண மருந்தை ஊசியாகப் போட்டால் பலர் சில மணி நேரத்தில் வாய் திறந்து பேசுகிறார்கள். போடாமல் விட்டால் தண்ணீர் இல்லாமல், இரத்தம் உறைந்து உயிரே போய்விடலாம்.

அடுத்தது, முழுக்க முழுக்க நம் காலத்துக் கண்டுபிடிப்பு. நேற்றுவரை நன்றாக இருந்த குமரிப் பிள்ளை. சில நாள் காய்ச்சல், தலைவலி. திடீரென்று அலறல், பயம், அர்த்தமில்லாத பேச்சு. வாயும் கையும் தானாகக் கோணிக் கோணி அசைகின்றன, பிறகு வலிப்பு. இதைப் பேய் என்று சொல்லாத ஊர் உலகத்தில் இல்லை. 2007இல் ஜோசப் டால்மாவ் என்ற ஸ்பானிய நரம்பியல் வைத்தியரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட 12 பெண்களின் இரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் ஆராய்ந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் மூளையைத் தாக்குவதைக் கண்டுபிடித்தார்கள். பலருக்குச் சூலகத்தில் ஒரு கட்டி இருந்தது. அந்தக் கட்டியை எதிர்க்கப் புறப்பட்ட சக்திதான் மூளையில் போய் முட்டியது. கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் குணமாகிறது. 2013இல் 577 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில் 100க்கு 80 பேர் அளவில் இரண்டு வருடத்துக்குள் நன்றாகத் தேறியிருந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்கியதோ அவ்வளவு நல்லது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இந்த நோயோடு வேப்பிலை அடி வாங்கிச் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இது அபூர்வமான நோய்தான். ஆனால் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்த குழப்பம் எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குரியது.

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிகள் மூன்றாவது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடும் மனக்குழப்பம் வருகிறது. தூக்கமே இருக்காது. பிள்ளை தன்னுடையது இல்லை என்பாள், அல்லது பிள்ளையில் சாத்தான் இருக்கிறது என்பாள். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வைத்தியம் செய்தால் மிக நன்றாகக் குணமாகும் மனநோய்களில் இதுவும் ஒன்று. தீட்டு, பேறுகாலப் பேய் என்று வீட்டார் மூடி வைத்திருந்தால், குடும்பநல மாதுவுக்காவது சொல்லி அனுப்புங்கள்.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மலையகத்திலிருந்து ஏர்வாடிக்கு நேர்ச்சை வைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு, அதனால் உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். நோயாளி முரடாகும்போது குடும்பத்துக்கு வேறு வழி தெரியாமல்தான் கட்டுகிறார்கள் என்பதை நான் அறிவேன். மருந்து கொடுத்தால் சங்கிலி தானாகப் போய்விடுமா? கானாவில் ஒரு ஜெப முகாமில், சங்கிலியில் இருந்தவர்களும் மற்றவர்களுமாக 139 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜெபத்தோடு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு நோய் தணிந்தது. ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை. சங்கிலியை மருந்து தானாக அவிழ்க்காது, ஐயா. மனிதர்தான் அவிழ்க்க வேண்டும். நோயாளியை அடிப்பதையும், பட்டினி போடுவதையும், மிளகாய்ப் புகை போடுவதையும் உங்களில் மூத்தவர்கள் முன்வந்து தடுத்தால் நிற்கும். சட்டம் வந்து லயத்துக் கோடியில் தடுக்காது.

இப்போது, எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வைச் சொல்கிறேன். நைஜீரியாவின் இபதானிலும் கானாவின் குமாசியிலும் ஒயே குரேஜே என்ற மனநல வைத்தியர் தலைமையில் நடந்தது. 2020இல் லான்செட்டில் வெளிவந்தது. அங்கேயும் மனநோய் வந்தால் முதலில் உங்களைப் போன்றவர்களிடம்தான் போகிறார்கள். வைத்தியர்கள் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. மந்திரிப்பவரின் இடத்துக்கே சுகாதார ஊழியர் போய், இருவரும் சேர்ந்து நோயாளியைப் பார்த்தார்கள். மந்திரிப்பவர் தன் சடங்கை விடவில்லை. ஊழியர் மருந்தைக் கொடுத்தார். 307 நோயாளிகள். ஆறு மாதத்தில், சேர்ந்து பார்த்த இடங்களில் நோய்க்குறிகள் மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆய்வு தொடங்கும்போது பாதிக்கும் கிட்டிய நோயாளிகள் அடி, பட்டினி, சங்கிலி போன்றவற்றை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் அது, சேர்ந்து பார்த்த இடங்களிலும் மற்ற இடங்களிலும், பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியிருந்தது. யாரோ வந்து அக்கறையோடு பார்க்கிறார்கள் என்பதே அந்த மாற்றத்துக்குப் பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கும் நோயாளிகளை மனநல வைத்தியரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. கண்டி மாவட்டத்தில் இப்படி ஒரு கோயிலை என்றாவது நான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் வருகிறவர்களில் மனச்சிதைவுக்காரர் சிலர்தான். அதிகம் வருவது மனச்சோர்வுக்காரர்கள்: நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி, எதிலும் மனம் செல்லவில்லை, விடியக்காலை மூன்று மணிக்கு விழிப்பு. மகள் மத்திய கிழக்குக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டிமார். கணவன் குடிக்கும் காசுக்கும் சேர்த்துக் கொழுந்து எடுக்கிற பெண்கள். இவர்கள் விஷயத்தில் உங்கள் கைக்கே மருந்து வரலாம். சிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், ஊரில் மதிப்புள்ள பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மர வாங்கு போட்டு உட்காரவைத்தார். பாட்டிமார் துன்பத்தைக் கேட்டு, அதில் ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து, அதற்கு ஒரு சின்ன வழியை நோயாளியோடு சேர்ந்து தேடினார்கள். 573 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு இருந்தவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் பாதிப்பேர்; பாட்டிமாரிடம் போனவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். நீங்கள் செய்வதிலும் பாதி இதுதானே. யாரோ ஒருத்தி செய்வினை வைத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டிக் கொடுக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டால், மீதி நல்ல வைத்தியம். அந்தப் பகுதியைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். அதனால் பகையாகி எரிந்த லயங்களை நீங்களும் அறிவீர்கள்.

பரம்பரைச் சாபம் என்றும் சொல்லாதீர்கள். 2022இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு, மனச்சிதைவு உள்ள 76,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களைப் பார்த்தது. நோயோடு தொடர்புள்ள இடங்கள் 287 இருந்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. நம் எல்லோரிடமும் அவற்றில் சில இருக்கும். குடும்பத்தையே ஒதுக்கிவைத்து, அக்கா தங்கைகளின் கலியாணத்தைக் கெடுக்க இதில் ஒரு நியாயமும் கிடையாது.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அதட்டாதீர்கள், சாமிக்குற்றம் என்று பயமுறுத்தாதீர்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகில் மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அடுத்த இருபது வருடத்தில் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்ததே இதற்குப் பெரிய காரணம் என்று, மைக்கல் எட்ல்ஸ்டன் முதலானோர் பேராதனை வைத்தியர்களோடு சேர்ந்து செய்த ஆய்வுகள் காட்டின. சாக வேண்டும் என்ற வேகம் அநேகமாக ஒரு பொழுதில் தணிந்துவிடும். அந்தப் பொழுதைக் கடக்க வைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை வீட்டாரிடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள். பொலிஸ் வரும் என்று பயந்து மறைக்கவும் தேவையில்லை. 1998 முதல் தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றம் கிடையாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை. 2005இல் வந்த மனநலக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் மனநலச் சேவை வந்துவிட்டது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கண்டி நகரத்தில் இறங்கினால் கண்டி ஆஸ்பத்திரி கிட்டத்தான். கலஹா, தெல்தோட்டை ஆட்கள் பேராதனைக்கே போய்விடலாம். காசு தேவையில்லை. ஒரு நாள் பெயரும், அதாவது அன்றைய சம்பளமும், பஸ் காசும் போகும், அது உண்மைதான். ஆனால் பரிகாரத்துக்குச் சேவலும் சேலையும் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் எது அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

உண்மையான தடை மொழி. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரிடம், தமிழ் மட்டும் தெரிந்த தாய், "தலைக்குள்ள கூட்டம் பேசுது" என்பதை எப்படிச் சொல்வாள்? மற்ற நோய்க்கு வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். இந்த நோய்க்குப் பேச்சைத் தவிர வேறு ஸ்கேன் இல்லை. தமிழில் சேவை பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. அந்த உரிமை கிளினிக் மேசை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதை வைத்தியசாலைகளை நடத்துகிறவர்களுக்கும் இந்த மடலிலேயே சொல்லி வைக்கிறேன். அதுவரை நம் ஆட்களுக்குத் துணை வேண்டும். உங்களில் பலர் இரு மொழியும் பேசுவீர்கள். எங்கள் பூசாரி மாமா செய்ததுபோல், முதல் தடவையாவது கூடப் போங்கள். நோயாளியின் கையில் உங்கள் நூலைக் கண்டு ஒரு வைத்தியர் முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள். அந்த நூல்தான் அந்தப் பிள்ளையை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

ஆடி மாதம் உங்கள் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஊரே கூடும். ஒலிபெருக்கி கையில் இருக்கும். அப்போது இரண்டு வார்த்தை பேசுங்கள்: மனம் குழம்பினால் பூசையும் செய்வோம், கிளினிக்குக்கும் போவோம், கிளினிக் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம். நான் சொன்னால் ஒரு வகுப்பறை கேட்கும். நீங்கள் சொன்னால் மலையே கேட்கும். சொல்லுங்கள், ஐயா.

அன்போடும் மரியாதையோடும்,
கண்டியிலிருந்து ஒரு நோயாளியின் அக்கா